நம்பத் தகுந்த பக்கங்கள்

ஏழாம் வகுப்புக்கு அவள் கொடுத்த பயிற்சித்தாளில் மனித உடம்பில் இரண்டு நிற ரத்தம் ஓடியது. தமனியில் சிவப்பு, சிரையில் நீலம். படத்தில் அப்படி வண்டி வண்டியாக நீலம் பூசியிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம், அடையாளத்துக்காக எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் பூசுவார்கள். ஆனால் கீழே ஒரு கேள்வியும் இருந்தது. ‘சிரையில் ஓடும் ரத்தத்தின் நிறம் என்ன?’ கூடவே வந்த விடைத்தாளில் ‘நீலம்’ என்று போட்டிருந்தது. அவள் அந்த விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பத்தோரு தாளையும் திருத்திக் கொடுத்துவிட்டாள்.

பத்தொன்பது வருஷமாக நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறவள். ஒல்லியாக, உயரமாக இருப்பதால் பிள்ளைகள் அவளுக்கு ‘சோதனைக்குழாய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூடப் பேனாவை எடுத்துவிடுவாள். கணவன் இறந்து, விடுப்பு முடிந்து திரும்பி வந்த பிறகு, இணையத்தில் முதலில் எது கண்ணில் படுகிறதோ அதை அச்செடுத்துக் கொடுத்துவிடுகிற பழக்கம் வந்திருந்தது. அன்றைக்கும் மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எடுத்த தாள்தான் அது.

மறுநாள் இடைவேளையில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அறையில் ஒரு மனிதர் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். வேலைக்கு நடுவில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவர் என்று கோட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மடியில் மகளுடைய பயிற்சித்தாள்.

“டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஆரம்பித்தார். “நான் லேபுல ரத்தம் எடுக்கிற ஆளு. காலையில ஏழு மணியிலேர்ந்து எப்படியும் அம்பது அறுபது கை பாத்துடுவேன். எல்லாருக்கும் சிரையிலதான் குத்துறது. பதினாலு வருஷத்துல ஒரு சொட்டு நீலம் பாத்ததில்ல.”

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“எம் பொண்ணு ‘கருஞ்சிவப்பு’ன்னு சரியா எழுதியிருக்கா. அதுக்கு நீங்க தப்புன்னு போட்டிருக்கீங்க. வீட்டுக்கு வந்து, ‘நீதானேப்பா சொன்னே, இத்தனை நாளா என்கிட்ட பொய் சொன்னியா’ன்னு ஒரே அழுகை. என் தொழில்லயே என்னைப் பொய்யனாக்கிட்டீங்களே டீச்சர்.”

இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆமா, தப்புதான். நான் படிச்சுப் பாக்காம கொடுத்துட்டேன்” என்றாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நாக்கால் ஈறைத் தடவிப் பார்ப்பதுபோல, உள்ளே எங்காவது வெட்கம் இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்தாள். மரத்துத்தான் கிடந்தது.

“சரி விடுங்க, ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றார் தலைமையாசிரியை. “இது உங்க ஒருத்தரோட போச்சுன்னா பரவாயில்ல. ஆறாவதுலயும் எட்டாவதுலயும் இதே கதைதான், கண்டதையும் எடுத்து அச்சடிச்சுக் கொடுக்கிறாங்க. நீங்க ஒண்ணு செய்யுங்க. இந்த மூணு வகுப்புக்கும் அறிவியலுக்கு எதை நம்பி எடுக்கலாம்னு ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்க. மூணு வாரம் போதுமா?”

“போதும் மேடம்.”

அது தண்டனையா, வேலையில் மூழ்கினால் மனசு தேறும் என்று நினைத்துக் கொடுத்ததா என்று அவள் யோசிக்கவில்லை. வாசல் வரைக்கும் போன வெள்ளைக் கோட்டுக்காரர் திரும்பி வந்து, கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, “வேணும்னா நான் ஒருநாள் வந்து பசங்களுக்கு நேர்லயே காட்டுறேன் டீச்சர்” என்றார். “வாங்க” என்றாள்.

பள்ளி நூலகத்தின் மூலையில் ஒரு கணினி இருந்தது. தினமும் மதியம் இரண்டு பாடவேளை அங்கே உட்கார ஆரம்பித்தாள். வேலை ஒன்றும் சிரமமாக இல்லை. தனக்கு ஐயமே இல்லாமல் தெரிந்த ஐந்து விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பூமி சூரியனை விட்டுத் தள்ளிப் போவதால்தான் குளிர்காலம் வருகிறதா? நாக்கில் இனிப்புக்கு ஒரு மூலை, கசப்புக்கு ஒரு மூலை என்று தனித்தனி இடம் உண்டா? மலை உச்சியிலும் தண்ணீர் நூறு டிகிரியில்தான் கொதிக்குமா? இப்படி. ஒவ்வொரு தளத்திலும் இந்த ஐந்தையும் தேடிப் பார்ப்பாள். ‘ஆம்’ என்று சொன்ன தளத்தை அடித்துவிடுவாள். தப்பித்தவற்றில் எழுதியவர் பெயர் இருக்கிறதா, எப்போது எழுதினார், எதைப் பார்த்து எழுதினார், பிழை சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பாள்.

முதல் வாரத்தில் முப்பத்தொரு தளம் பார்த்தாள். அதில் இருபத்திரண்டு அடிபட்டது. அழகழகான படம், துள்ளல் இசை, பேசுகிற அணு, பாடுகிற கிரகம் என்று எல்லாம் இருந்தது, சரக்குதான் இல்லை.

நூலகர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், களையெடுக்கப் போய் வயலே காலியாயிடும்போல இருக்கே” என்றார். பழைய நாளில் அவள் இதற்குச் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள்.

வீட்டில் அவளும் மகளும்தான். மகள் வேறொரு பள்ளியில் கடைசி வகுப்பு. ஒரே விடுதியில் அடுத்தடுத்த அறை எடுத்துத் தங்கியவர்கள்போல இருந்தார்கள். சாப்பாடு ஆச்சா, துணி காய்ஞ்சுதா, சாவி எங்கே, அவ்வளவுதான் பேச்சு. வந்து போகிறவர்களெல்லாம் அப்பாவின் நினைப்பு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். அவளுக்கு மட்டும் தெரியும், அது மட்டும் இல்லை என்று.

மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் குளித்துவிட்டு வந்து, தாடையும் முதுகும் ஒரு மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது, நெஞ்சு எரிகிறது என்றார். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், இரண்டு கையிலும் சோப்பு நுரை. “கொஞ்சம் என்னன்னு தேடிப் பாருடி” என்று மகளிடம் சொன்னாள். மகள் சுவரில் சாய்ந்துகொண்டு படித்துச் சொன்னாள்: வாயுத் தொல்லை, வெந்நீர் குடிக்க வேண்டும், இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். “சரி, வெந்நீர் வை” என்றாள் அவள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று மகள் கேட்டபோது, “இதுக்கெல்லாமா?” என்று அவரே சிரித்தார். வெந்நீர் குடித்தார், இடது பக்கமாகப் படுத்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுப்பப் போனார்கள். மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் காலையைப் பற்றி அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் வெள்ளைக் கோட்டுக்காரர் சொன்னபடியே வந்துவிட்டார். பெட்டியைத் திறந்து, பஞ்சு, ரப்பர் பட்டை, ஊசி, மூடி போட்ட கண்ணாடிக் குழல் என்று ஒவ்வொன்றாக மேஜையில் அடுக்கினார். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“யார் கையில எடுக்கப் போறீங்க அங்கிள்?” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“பயப்படாதே, உன் கையில இல்ல.”

அவள்தான் முன்கையை நீட்டினாள். தலைமையாசிரியையிடம் அதற்கு ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தாள். அவர் பட்டையைக் கட்டி, விரலால் தட்டி, “பாருங்க, மேல இருந்து பாத்தா பச்சையா நீலமா தெரியுதில்ல? இது சிரை. இப்ப உள்ள என்ன இருக்குன்னு பாருங்க” என்று குத்தினார். குழலுக்குள் கருஞ்சிவப்பாக ஏறியது. வகுப்பு முழுக்க ‘ஓ’ என்றது. இரண்டாம் பெஞ்சில் அவர் மகள் தலையை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

“வலிக்குதா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“இல்ல” என்றாள். அது உண்மைதான்.

அவர் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, பிள்ளைகளுக்குக் கேட்காமல், “சரியா சாப்பிடுறதில்லையா டீச்சர்? கை எலும்பும் தோலுமா இருக்கு” என்றார். “சாப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு, அவர் மகளுடைய தாளை வாங்கி, தப்பு என்று போட்டதை அடித்துச் சரி என்று போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

மிச்சமிருந்த ஒன்பது தளங்களில் ஒன்று பார்ப்பதற்கு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. வெறும் எழுத்து, கையால் வரைந்த கோட்டுப் படங்கள். இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள் பெயர் போட்டு நடத்துகிறார்கள். அதில் ஒரு பக்கத்துக்குத் தலைப்பே ‘நாங்கள் தப்பாக எழுதியவை’. எதை, எந்தத் தேதியில், யார் சொல்லித் திருத்தினோம் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவள் கணினியை மூடப் போனவள், திரும்ப உட்கார்ந்து அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தாள். ஏழாவது வரியில் மெழுகுவர்த்தி வந்தது.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்ப்பது. சுடர் அணைகிறது, தண்ணீர் தம்ளருக்குள் ஏறுகிறது. ‘ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்.’ வருஷா வருஷம் அவள் இதைச் செய்து காட்டுவாள். வகுப்பில் கைதட்டு வாங்குகிற சோதனை. அந்த இருவரும், அந்த விளக்கம் தப்பு என்று எழுதியிருந்தார்கள். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் குமிழாக வெளியே போகிறது, அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் அதனால்தான். நம்பாவிட்டால் ஒரு மெழுகுவர்த்திக்குப் பதில் மூன்று வைத்துப் பாருங்கள், ஆக்சிஜன்தான் காரணம் என்றால் இரண்டு தடவையும் ஒரே உயரம்தானே ஏற வேண்டும்?

சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் செய்து பார்த்தாள். ஒரு மெழுகுவர்த்திக்குத் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியது. மூன்றை வைத்தாள். கவிழ்க்கும்போதே விளிம்பில் குமிழ் குமிழாக வந்தது. சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்த பிறகுதான் தண்ணீர் சடக்கென்று மேலே போயிற்று, இரண்டு விரலைத் தாண்டி.

துடைத்துவிட்டு மறுபடி செய்தாள். மறுபடியும் அதேதான். வருஷத்துக்கு இரண்டு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பிள்ளைகள், பத்தொன்பது வருஷம். ஆயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் வருகிறது. இதற்கும் வெட்கம் ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவது தடவைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மகள் குடிக்கத் தண்ணீர் எடுக்க வந்தாள்.

“என்னம்மா பண்றே?”

“உனக்கு ஏழாவதுல நான் இதைச் செஞ்சு காட்டினேனே, ஞாபகம் இருக்கா?”

“ம். ஆக்சிஜன் தீந்துபோச்சு, அந்த எடத்துக்குத் தண்ணி ஏறுது. அஞ்சுல ஒரு பங்கு.”

“அது தப்பு.”

மகள் தம்ளரைப் பார்த்தாள். “புக்லயே இருந்துச்சே.”

“இருந்துச்சு. நானும் படிச்சேன், நம்பினேன், சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு மெழுகுவர்த்தி வச்சுப் பாப்போம்னு ஒரு வருஷம்கூடத் தோணல.”

அவள் மூன்றாவது தடவையும் செய்து காட்டினாள். மகள் குனிந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்தாள். நிமிராமலே, “அப்ப அது படிச்சவங்க தப்பா, எழுதினவங்க தப்பா?” என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது. பிறகு, “அன்னிக்குப் படிச்சது நான்தானேம்மா” என்றாள்.

அடுப்பு மேடையில் மெழுகு சொட்டி உறைந்துகொண்டிருந்தது. அவள் நகத்தால் அதைச் சுரண்டினாள்.

“படிச்சது நீதான். அதுல இருந்ததை இருந்தபடிக்குப் படிச்சே. சரின்னது நான். பத்தொம்பது வருஷமா பசங்ககிட்ட ‘யார் சொன்னா, எப்படித் தெரியும்’னு கேளுங்கன்னு தொண்டை கிழியக் கத்துறவ நான். அன்னிக்கு யார் எழுதினதுன்னு உன்கிட்ட கேட்டேனா?”

“இல்ல.”

“கேட்டிருக்கணும். நுரையைக் கழுவிட்டு வந்து நானே பாத்திருக்கணும். பதினேழு வயசுப் பொண்ணு தலையில கட்டிட்டு நான் துணி துவைச்சுக்கிட்டிருந்தேன்.”

“உடனே போயிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரா?”

மாட்டார் என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மகளுக்கும் நிம்மதி. அவள், “தெரியல” என்றாள். “பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். டாக்டரும் அதைத்தான் சொன்னார்.”

மகள் மேடையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மூன்று மாதத்து அழுகை, விக்கி விக்கி வந்தது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். தனக்கும் வருமா என்று பார்த்தாள், வரவில்லை. கை மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற வரைக்கும் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு மெழுகுவர்த்தியும் மூன்று மெழுகுவர்த்தியும் வைத்துச் செய்து காட்டிவிட்டு, “போன மாசம் நான் உங்களுக்குச் சொன்னது தப்பு” என்றாள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப பரீட்சையில அதுக்குப் போட்ட மார்க்கு, மிஸ்?”

“இருக்கட்டும், உங்களுக்கே.”

“எங்க அண்ணனுக்கும் நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. அவன் இப்ப காலேஜு. அவன்கிட்ட போய் ‘நீ படிச்சது தப்பு’ன்னு சொல்லட்டுமா?” கேட்ட பையனுக்கு அதில் அவ்வளவு ஆசை.

“சொல்லு. மூணு மெழுகுவர்த்தி வாங்கிட்டுப் போய்ச் சொல்லு.”

மூன்று வாரம் முடிந்தபோது பட்டியலில் ஆறு பெயர்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுதியவர் யார், எந்தப் பாடத்துக்கு உதவும், எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இரண்டு வரி. கடைசியில் தனித்தாளாக, ‘நான் இதுவரை தவறாகக் கற்பித்தவை’ என்று நான்கு விஷயங்கள்.

தலைமையாசிரியை அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்து வைத்தார். “ஆறுதானான்னு கேக்க மாட்டேன். ஆனா இது எதுக்கு? நாளைக்கு யாராவது மேலிடத்துலேர்ந்து வந்து பாத்தா, வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாயிடும்.”

“அது இல்லாம கொடுத்தா மத்தவங்க எழுதினதை மட்டும்தான் சரிபார்த்தேன்னு ஆயிடும் மேடம். இருக்கட்டும்.”

அவர் அந்தத் தாளையும் பட்டியலோடு சேர்த்துப் பின் அடித்தார். ஆறாம் வகுப்பு ஆசிரியை பட்டியலை வாங்கிப் புரட்டி, “கடைசியில எல்லாத்தையும் நாமளே செஞ்சு பாக்கணும்னா பட்டியல் எதுக்குங்க?” என்று முணுமுணுத்தாலும், அடுத்த வாரமே காந்தப் பாடத்துக்கு அதிலிருந்துதான் எடுத்தாள்.

இன்னொரு தாளும் எழுத வேண்டும் என்று சொன்னது மகள். அப்பாவுக்கு வந்ததுபோல யாருக்காவது வந்தால் என்ன செய்வது என்று ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரே ஒரு பக்கம். மகள் எழுதினாள், அவள் திருத்தினாள். பிறகு இருவரும் அந்த மருத்துவமனைக்கே போனார்கள். அன்றைக்கு அப்பாவைப் பார்த்த மருத்துவர்தான் இருந்தார். அவருக்கு இவர்களை அடையாளம் தெரியவில்லை, இவர்களும் சொல்லவில்லை. நின்றபடியே படித்து, ‘தாடை, தோள், முதுகு வலியும் இதன் அறிகுறியாக இருக்கலாம்’ என்ற வரியை மேலே கொண்டுபோகச் சொன்னார். ‘சிறிது நேரம் பார்த்துவிட்டு’ என்பதை அடித்துவிட்டு ‘உடனே’ என்று எழுதினார்.

“கீழ உங்க பேரும் இன்னிக்குத் தேதியும் போட்டுக் கொடுங்க” என்று மகள் கேட்டாள். அவர் கொஞ்சம் வியப்போடு பார்த்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

எட்டாம் வகுப்புக்கு அந்தத் தாளை அவளே கொண்டுபோனாள். பாடத்திட்டத்தில் இல்லாதது என்பதால் கடைசிப் பாடவேளை. ஜன்னலோரம் இருந்த பெண்ணைப் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து நின்று, வரிக்கு வரி நிறுத்தி, சத்தமாகப் படித்தாள். இவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். ‘வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்துக் காத்திருக்கக் கூடாது’ என்ற வரி வந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இடம் மாறுவதுபோல இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

படித்து முடித்த பெண் உட்காராமல், “மிஸ், வலிக்குதுன்னு சொல்றவங்களே வேணாம், வேணாம்னு சொன்னா என்ன பண்றது?” என்று கேட்டாள்.

“அதைக் கேக்காதே. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடு” என்றாள். “திட்டுவாங்க. திட்டட்டும்.”

பிள்ளைகள் அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள்.